அவுகளுக்குப் பிடிக்காது

ஜூலை 3, திங்கள்

அப்பா வந்ததிலிருந்து எழுத இடமில்லை. கூடத்தில் அவர் படுக்கிறார். அறையில் அம்மாவும் நானும். அம்மா தூங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பி, போன் வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு இயற்பியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு ஃபேன் சத்தம் ஆகாது என்று அம்மாதான் கூடத்தில் பாய் போட்டாள். அப்பா அங்கேயே படுத்துக்கொண்டார்.

இந்த முறை லீவு இல்லை. குவைத்தில் கம்பெனி ஆட்களைக் குறைத்துவிட்டது. இனி அறந்தாங்கியில்தான் இருப்பாராம்.

காலையில் பல் தேய்க்கப் போகும்போதே அவர் கண்ணில் படாமல் ஓரமாகப் போகிறேன். அவர் திட்டவில்லை. வந்ததிலிருந்து ஒரு முறைகூடத் திட்டவில்லை. ஆனால் "அப்பாகிட்ட சொல்லவா" என்று கேட்டுக் கேட்டுத்தான் அம்மா என்னை வளர்த்தாள். போனில் அப்பா இரண்டு கேள்வி கேட்பார், சாப்பிட்டியா, படிக்கிறியா. மீதி அப்பாவை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கையில்லாத சட்டை அவுகளுக்குப் பிடிக்காது. பொம்பளைப் பிள்ளை சத்தமாகச் சிரித்தால் பிடிக்காது. வாசலில் நின்று பேசினால் பிடிக்காது. அந்த அப்பா குவைத்தில் இல்லை, எப்போதும் வீட்டில்தான் இருந்தார். இப்போது இன்னொருவரும் வந்திருக்கிறார்.

ஜூலை 5, புதன்

அம்மா மூன்று வருடமாகக் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். சேலைப் பிரிவு. அப்பாவுக்குத் தெரியாது. பகலில் அப்பா கூப்பிட்டால், சேலைக் கட்டுகள் அடுக்கிய உள்ளறைக்குப் போய் வீட்டில் இருப்பதாகப் பேசுவாள். ஒருமுறை பக்கத்தில் யாரோ, "அந்த மாம்பழக் கலரை எடுங்கக்கா" என்றபோது டிவி சத்தம் என்று சமாளித்தாளாம். அன்று ராத்திரி அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அப்பா வந்ததும் உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டாள். ஆடித் தள்ளுபடி பதினேழாம் தேதி தொடங்குகிறது. வருவாயா, வேறு ஆள் பார்க்கவா என்று முதலாளி கேட்கிறார்.

இன்று பாத்திரம் கழுவும்போது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"நீ கேளு கௌசி. அம்மா எங்கயாச்சும் வேலைக்குப் போகட்டுமான்னு சும்மா கேக்குற மாதிரி கேளு. ஏற்கெனவே போறேன்னு மட்டும் சொல்லிராத."

"நீயே கேளேம்மா."

"நான் கேட்டா வேணாம்பாக. எனக்குத் தெரியும் அவுகளை."

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான். கூடத்திலிருந்து அப்பா, "காப்பி ஆச்சான்னு கேளாத்தா" என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "இந்தா ஆச்சுன்னு சொல்லு" என்பாள். நடுவில் ஒரு நிலைப்படிதான். இருவர் காதிலும் விழும். ஆனாலும் நான் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. அப்பா வெளிநாட்டில் இருந்தபோதும் அப்படியேதான், நான் வீட்டில் இருந்தால் போன் என் கையில்தான் இருக்கும்.

ஜூலை 6, வியாழன்

கேட்கவில்லை. கணக்கு டெஸ்ட்.

ஜூலை 7, வெள்ளி

இன்று கேட்கப் போனேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, புருவத்தை நெரித்து, நூலைத் திரும்பத் திரும்பக் குத்தினார். அவ்வளவு கோபமான முகம். அதே முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாத்தா?"

"ஒண்ணுமில்லப்பா."

என் சீருடைகூட இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தது. அம்மா போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அம்மா இல்லையாம்.

ராத்திரி அம்மா கேட்டாள். வேண்டாம் என்றார் என்று சொன்னேன். கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அம்மாவே அப்படித்தானே சொன்னாள்.

அம்மா ஆச்சரியப்படவில்லை. "சரி விடு" என்றாள்.

ஜூலை 9, ஞாயிறு

அம்மா கடைக்குப் போன் செய்து இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மொட்டை மாடியில் நின்று பேசினாள். பேசி முடித்தும் வெகுநேரம் இறங்கி வரவில்லை.

அப்பா இன்று கறிக்குழம்பு வைத்தார். குவைத்தில் ஒரே அறையில் எட்டுப் பேராம், முறை போட்டுச் சமைப்பார்களாம். அந்த அறையின் ஏசி நெல் அறுக்கும் மிஷின் மாதிரி இரையும், அதிலேயே தூங்கிப் பழகிவிட்டது என்றார். அம்மா அடுப்படி ஓரமாக விருந்தாளி மாதிரி நின்றாள். குழம்பு நன்றாக இருந்தது. அவள் சொல்லவில்லை. ஆம்பளை சமைத்ததைப் பெரிதாகப் பேசினால் அவுகளுக்குப் பிடிக்காது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

சாயந்திரம் அப்பா வழக்கம்போலக் காராச்சேவு வாங்கி வந்தார். "ஒங்கம்மாவுக்கு இதுன்னா உசுரு" என்று என்னிடம் கொடுத்தார். அம்மாவுக்கு வயிற்றுப்புண் வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரு கிண்ணம் நிறையத் தின்றாள், அப்பா பார்க்கும்படி கூடத்து வாசலில் உட்கார்ந்து. பிறகு உள்ளே வந்து அந்த ரோஸ் கலர் மருந்தைக் குடித்தாள். அப்பாவுக்குத் திருப்தி. நாளைக்கும் வாங்கி வருவார்.

இரண்டு பக்கமும் எனக்குத் தெரிகிறது. யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தேன். யாரிடம் சொன்னாலும் மற்றவருக்கு முகம் விழுந்துவிடும். தூங்கப் போகிறேன்.

ஜூலை 12, புதன்

பள்ளிவிட்டு வந்தபோது அம்மா பீரோவில் இருந்த சேலையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். கடை மடிப்பு. முந்தானை மேலே தெரிய, கரை ஒரே கோட்டில். மடித்து முடித்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அப்பா அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பார்த்துக் கோபப்படுகிறார் என்று அம்மா உடனே எல்லாவற்றையும் பீரோவுக்குள் திணித்தாள்.

ஜூலை 14, வெள்ளி

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மா வேலை பார்த்தது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதில்லை. மறுபடி வெளிநாடு, தோகாவில் ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்று இருக்கிறதாம். பழைய சூப்பர்வைசர் கூப்பிடுகிறாராம். இரண்டு வருட ஒப்பந்தம்.

"போகட்டுமா, இல்ல இங்கயே எதாச்சும் பாக்கட்டுமான்னு அம்மாகிட்ட கேளாத்தா."

"நீங்களே கேளுங்கப்பா."

"நான் கேட்டா உங்க இஷ்டம்னுருவா. பதினெட்டு வருசமா அந்த ஒரு வார்த்தைதான். ஒங்கிட்டன்னா மனசுல உள்ளதைச் சொல்லுவா."

அடுப்படிக்குப் போனேன். அம்மா கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டிருந்தாள், முழங்கை வரை வெள்ளை. என்ன என்று பார்த்தாள். பசிக்குது என்றேன். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

"உங்க இஷ்டமாம்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். டிவி ரிமோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அம்மா அதைத்தான் சொல்வாள். அப்பா போய்விட்டால் அம்மா கடைக்குப் போகலாம், எனக்கும் கூடத்தில் படிக்க இடம் கிடைக்கும். இதற்காகச் சொன்னேன் என்று இல்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி ஒன்று. பாயசம். பள்ளியிலிருந்து கடைவீதி வழியாக வந்தேன். கடை வாசலில் பந்தல், ரேடியோ, கூட்டம். அம்மாவோடு சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் நஸீமா அக்கா மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தது. அம்மா ஏன் வரவில்லை, அம்மா சேலை பிரிக்கிற கைக்குப் புதுப் பிள்ளைகளால் ஈடு கொடுக்க முடியவில்லை என்றது. "ஒங்கப்பா அவ்வளவு கண்டிப்பா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அப்பாவுக்கு அடுத்த திங்கள் திருச்சியில் மெடிக்கல். அது தேறிவிட்டால் விசா வந்துவிடுமாம். அம்மாவிடம் அவர் இதை நேராகச் சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா பாயசத்தில் முந்திரியைத் தேடித் தேடி என் தம்ளரில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவுகளுக்கு இங்க இருப்புக் கொள்ளல" என்றாள். "வந்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஜூலை 20, வியாழன்

டியூஷனிலிருந்து வரும் வழியில் சைக்கிள் சங்கிலி கழன்று சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. எதிரே அப்பா நடந்து வந்தார். என்னைத் தேடித்தான் வந்தாராம், மழை வரும்போல இருக்கிறது என்று. சாலையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சங்கிலியை எடுக்க ஆரம்பித்தார். வேட்டியில் கிரீஸ். என் தப்பு என்று திட்டுவார் எனக் காத்திருந்தேன்.

"எங்கிட்ட ஏனாத்தா இப்புடிப் பயப்படுற?"

"பயம்லாம் இல்லப்பா."

"தட்டைப் பத்தி அம்மா சொல்லியிருக்காளா?"

எனக்குத் தெரியாது. அவரே சொன்னார், சங்கிலியைப் பார்த்துக்கொண்டே. கல்யாணமான இரண்டாம் மாதம், பங்காளிகளோடு நிலத்தகராறு. அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்திருக்கிறார். அம்மா ஒன்றும் கேட்காமல் சோற்றைக் கூட்டி அள்ளினாளாம். அடுத்த மாதம் அவர் விமானம் ஏறிவிட்டார்.

"அப்பறம் ஒரு தடவைகூட இல்லாத்தா. ஆனா அவ அந்தத் தட்டோடயே நின்னுட்டா."

சங்கிலி பல்லில் ஏறி மறுபடி வழுக்கியது.

"நான் மட்டும் என்ன. அங்க படுத்துக்கிட்டு நெனைக்கிறப்பல்லாம் நான் விட்டுட்டுப் போன இருபத்திரெண்டு வயசுப் புள்ளதான் வருவா. அவகூடத்தான் அங்க இத்தனை நாளும் பேசிக்கிட்டு இருந்தேன். இங்க வந்து பாத்தா யாரோ ஒரு பொம்பளை எனக்குச் சோறு போடுது. குத்தம் சொல்லல. மரியாதையாத்தான் போடுது."

தூறல் விழுந்தது. அவர் சங்கிலியை மாட்டி, மிதியைக் கையால் சுற்றிப் பார்த்து, "ஏறு" என்றார். மெதுவாகத்தான் மிதித்தேன். பக்கத்திலேயே நடந்து வந்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம்.

ஜூலை 22, சனி

அம்மா எலுமிச்சை ஊறுகாய் போடுகிறாள், அப்பா எடுத்துப் போக. மெடிக்கல் தேறினால் எத்தனை நாளில் கிளம்புவார் என்று என்னிடம் கேட்டாள். பிறகு, "என்னைப் பத்தி எதும் சொன்னாகளா?" என்றாள். முகத்தை நிமிர்த்தவில்லை.

இல்லை என்றேன்.

மிளகாய்த்தூள் பட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். எரிச்சல் அடங்கிய பிறகும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

நாளைக்குக் காலை ஆறரை மணி பஸ். நான் வாயைத் திறக்காவிட்டால் அப்பா போய்விடுவார். திறந்தால் இரண்டு பேரும் என்னை என்ன செய்வார்களோ தெரியாது. போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே எழுதுகிறேன், நான்தான் அப்படி நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இப்படியே படுத்திருந்தால் விடிந்துவிடும்.

ஜூலை 24, திங்கள்

காலையில் அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து, "வழியில சாப்புட இட்லி கட்டியிருக்கேன்னு சொல்லு" என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு நிலைப்படி வரை வந்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை.

"நான் கேக்கல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நீ கேக்கச் சொன்னதை நான் அப்பாகிட்ட கேக்கவே இல்ல. அப்பா, நீங்க கேட்டதையும் அம்மாகிட்ட கேக்கல. ரெண்டும் நானா சொன்னது."

கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழுந்தது. தோளில். அம்மாவின் கை. அப்பா வாசலிலேயே நின்றார்.

"அப்ப வேலைக்குப் போக வேணாம்னு அவுக சொல்லலையா?" என்று அம்மா என்னைத்தான் கேட்டாள்.

"எந்த வேலைக்கு?" என்றார் அப்பா. "சேலைக் கடைக்கா?"

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசமா தெரியும். எங்க ரூமு சேகரு சம்சாரம் அங்கதான் பட்டு எடுத்துச்சு. சலிக்காம எடுத்துக் காமிச்சியாமே."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலையாம்?" அம்மா மறுபடி என்னிடம் கேட்டாள்.

"அவளைக் கேக்காத தவமணி. நான் இங்கதான நிக்கிறேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். "ஏங்க" என்றாள். தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"ஏங்க, தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா வேலையை விட்டுருவ. உன்னைய எனக்குத் தெரியும்ல."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது." அம்மா இந்தக் குரலில் அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. "காராச்சேவு தின்னா எனக்கு வயிறு எரியுது. நாலு வருசமா எரியுது."

அப்பா விழித்தார். "அப்பறம் ஏன் தின்ன?"

"வாங்கிட்டு வந்துட்டாகளேன்னு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, ஆனால் முகம் கோணிக்கொண்டது. செருப்போடு கூடத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே, போய்ப் பால் வாங்கி வா என்றாள். பால் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது. நான் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனை டீக்கடை வரை நடந்து, அங்கே சும்மா நின்றேன். திருச்சி பஸ் என்னைத் தாண்டிப் போனது.

திரும்பி வந்தபோது இருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. இட்லிப் பொட்டலம் பிரித்திருந்தது. இரண்டு முகமும் அழுது வீங்கியிருந்தன. என் தட்டில் இரண்டு இட்லி வைத்து, ஸ்கூலுக்கு நேரமாச்சு என்றாள் அம்மா. பள்ளியில் இரண்டாம் பீரியடில் மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

ஜூலை 27, வியாழன்

இதுவரை சண்டை இல்லாத வீடு. இப்போது சண்டை. நேற்று ராத்திரி, யார் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்து, அப்பத்தா இறந்தபோது அப்பா வராதது வரை போனது. அம்மா குரல் உயர்ந்ததும் நான் அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை முழங்காலிலேயே இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேசினார். இன்று இருவரும் பேசவில்லை.

அம்மா கடைக்குப் போகிறாள். தள்ளுபடி முடியும் வரை முதலாளி சேர்த்துக்கொண்டார், அதற்கு மேல் பிறகு பார்க்கலாம் என்றாராம். சூப்பர்வைசரிடம் அப்பா ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறார். போகலாம், போகாமலும் இருக்கலாம். போனாலும் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

என்னிடம் இன்னும் யாரும் சரியாகப் பேசவில்லை. அம்மாவின் பார்வை சில நேரம் என் மேல் நிற்கிறது. நான் எத்தனை பேருக்கு எத்தனை சொன்னேன் என்று கணக்குப் பார்க்கிறாள் போல. அதுவும் நானாக நினைப்பதுதான்.

ஜூலை 30, ஞாயிறு

அம்மா எட்டரை மணிக்குக் கடையிலிருந்து வந்தாள். கால் வீங்கியிருந்தது. வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடம் காலியாக இருந்தது.

"அப்பா எங்கடி?"

"வெளிய போனாங்க."

"கோவமா போனாகளா?"

அப்பா போகும்போது முகம் எப்படி இருந்தது என்று யோசித்தேன். புருவம் நெரித்துத்தான் இருந்தது. கோபம் என்றும் சொல்லலாம், வாசல் இருட்டில் செருப்பைத் தேடியதால் என்றும் சொல்லலாம். கோபம்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா அதற்குத் தயாராகத்தான் இருந்தாள், தோள் ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "நீயே கேளு."

முறைத்தாள். நான் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டேன். முழங்கையை நோட்டின் மேல் ஊன்றினேன்.

வாளியில் தண்ணீர் சலசலத்தது. ஈரக்காலோடு எழுந்து போய்ப் போனை எடுத்து வந்தாள். என்னிடம் நீட்டவில்லை. அவளே எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ஏங்க" என்றாள். "நான்தான். கோவமா போனீங்களா?"

அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கவும் இல்லை. அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.